அறிக்கையைப் பெரட்டில் வாசியுங்கள்

கேமரன் மலையில் தொழில் நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவர்களுக்காக ஆண்டுதோறும் சமூகப் பயன் அறிக்கை எழுதித் தருவோருக்கும்,



உங்களில் ஒருவர் வெளியிட்ட அறிக்கையில் என் அம்மா முழுப்பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முதுகில் பிரம்புக் கூடை, தலையில் துண்டு, பின்னால் பனி இறங்கிய தேயிலைச் சரிவு. பெண்களின் வாழ்வை உயர்த்துகிறோம் என்ற பொருளில் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றவர்களெல்லாம் 'நல்லவேளை, நாமில்லை' என்று இந்த மடலை மடித்து வைத்துவிடுவீர்கள்.

அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத இரண்டு சங்கதி உண்டு. அம்மா கடைசிப் பதினைந்து ஆண்டுகளாகப் பிரம்புக் கூடை சுமந்ததே இல்லை. கத்தரிக்கோலால் கொழுந்து வெட்டிச் சாக்கில் கொட்டுவார். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிரையோடு நடக்கும் இயந்திரம் வந்தது. படம் எடுக்க வந்த பையன் கூடை கேட்டதால், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஸ்டோருக்குள் போய்ப் பழைய கூடை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். போகட்டும், கூடை படத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது. இரண்டாவது சங்கதியைத்தான் என்னால் அப்படிப் போகவிட முடியவில்லை. அறிக்கை அச்சாகி வந்தபோது அம்மா அந்தத் தோட்டத்தில் இல்லை. அறுபது வயது முடிந்தது. வீட்டுச் சாவியை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கொடுத்து, பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சிம்மோரில் என் அக்காள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் குடியிருந்த வீடு. பின்வாசலில் பந்தல் போட்டு ஏற்றிவிட்ட சௌசௌ கொடி அப்போது காய்த்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையனிடம், பறித்துச் சாப்பிடு தம்பி என்று கையைக் காட்டிவிட்டு வந்தாராம்.

நான் கோலா தெர்லா தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பின்னர் கணக்கியல் படித்து, ஈப்போவில் சில ஆண்டுகள் நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைகளுக்கு எண் திரட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஆகவே உங்கள் அட்டவணைகளை நிரப்பிய கைகளில் என்னுடையதும் ஒன்று. ஒரு வருடம் 'பயன்பெற்றோர்' என்ற கட்டத்தில் எண் போட வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் தீபாவளிக்கு எண்பது வீடுகளுக்கு அரிசி, எண்ணெய், முறுக்கு டின் வைத்துப் பொட்டலம் கொடுத்திருந்தது. வீட்டுக்கு ஐந்து பேர் என்று பெருக்கி 400 என்று எழுதினேன். மேலாளர் பார்த்துவிட்டு, ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த புத்தகப் பைகளையும் சேர்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகளும் அதே எண்பது வீட்டுப் பிள்ளைகள்தான். தெரிந்தேதான் சேர்த்தேன். அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஓர் அம்புக்குறி மேல்நோக்கி நின்றது.

இந்த மடல் அந்த அம்புக்குறிக்கு நான் கட்டும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்களா? லாரி வரும் பாதையோரம் தராசு தொங்கும். சாக்கை மாட்டுவார்கள், முள் ஆடி நிற்கும், கிராணி எண்ணைச் சொல்வார். சீட்டில் ஏறுவது அந்த எண் அல்ல. சாக்கின் எடை கழியும். மழை நாளானால் இலையில் ஒட்டிய தண்ணீருக்கும் ஒரு கழிவு உண்டு. முற்றிய இலை கலந்திருந்தால் அதற்கும். தராசில் நாற்பது காட்டியது சீட்டில் முப்பத்தாறாகிவிடும். கழிப்பது தப்பு என்று எந்தப் பொம்பளையும் சொன்னதில்லை. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சண்டையெல்லாம். தண்ணீரை விற்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, நசுங்கி, புளித்து, காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்பதும் தெரியும்.

உங்கள் நன்மைகளையும் அந்தத் தராசில்தான் தொங்கவிடச் சொல்கிறேன். ஈரத்தை நீங்களே கழித்துவிட்டுச் சீட்டு எழுதுங்கள்.

ஊதியத்தை உயர்த்தினோம் என்று எழுதுகிறீர்கள். 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்பது நாட்டின் ஆணை. 2022 மே மாதத்திலிருந்து 1,500 என்பதும், 2013இல் தீபகற்பத்துக்கு 900 என்று தொடங்கியதும் அப்படித்தான். சட்டம் ஏற்றிய கூலியை உங்கள் கொடைக் கணக்கில் எழுதக் கூடாது. அது சாக்கின் எடை. தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்கிறோம் என்கிறீர்கள். குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் என்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2019இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். தமிழ்ப்பள்ளிக்கு ஆதரவு என்கிறீர்கள். பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைத்தாக வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவிட்டான். இன்று ஆசிரியர் சம்பளத்தைத் தருவது அரசாங்கம். நீங்கள் கூரைக்குத் தகடு கொடுத்திருந்தால் தகட்டை எழுதுங்கள், கல்வியை எழுதாதீர்கள்.

இப்படியே கழித்துக்கொண்டு போனால் ஒன்றும் மிஞ்சாதே என்று நினைப்பீர்கள். மிஞ்சும். உங்களுக்கே தெரியாமல் மிஞ்சுவதும் உண்டு. திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் கோலா தெர்லா பக்கம் நின்று பாருங்கள். மலையை வெட்டித் தட்டுத் தட்டாக்கி, அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் கண் கூசும். மழைக்குப் பிறகு ஆறு காப்பி நிறத்தில் ஓடும். எங்கள் ஊர்ப் பெயரே ஆற்றால் வந்தது. கோலா என்றால் ஆற்றின் வாய். அந்த மண்ணெல்லாம் போய்ச் சேர்ந்து, 1963இல் கட்டிய ரிங்லெட் அணைத்தேக்கம் எவ்வளவு தூர்ந்து கிடக்கிறது என்று மின்சார நிறுவனத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். 2013 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. தேயிலைச் சரிவு அப்படிக் கரைவதில்லை. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது; ஒரு செடி தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது முதல், பக்கத்து நிலம் எல்லாம் தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் மாறிய பின்னும், இறக்குமதித் தேயிலை மலிவாக வந்து குவிகிற சந்தையில் இந்த மலையில் தேயிலை நின்றிருப்பது சின்ன காரியமில்லை. அது ஒரு நன்மை. தாராளமாக எழுதுங்கள், கைதட்டுகிறேன். ஆனால் அந்தச் சரிவைக் காத்தது வேர் மட்டுமில்லை, அதில் ஏறி இறங்கிய கால்களும்தான். அந்தக் கால்கள் இன்று எங்கே இருக்கின்றன என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் அறிக்கைகளின் ஓரத்தில் வண்ண வண்ணச் சதுரங்கள் ஒட்டியிருக்கும். 2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. சபையில் நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகள், 169 குறிக்கோள்கள், 2030க்குள் முடிக்க வேண்டியவை. மரம் நட்டால் ஒரு சதுரம், புத்தகப் பை கொடுத்தால் ஒரு சதுரம். அதே செப்டம்பரில், அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால், கேரளத்து மூணாற்றில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். போனசை 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆக்கியதில் தொடங்கியது. ஒன்பது நாள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் பெம்பிளை ஒருமை என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி உட்கார்ந்து பேசி, போனசும் கருணைத் தொகையுமாகப் பழைய 20ஐத் தொட வேண்டியிருந்தது.

இதில் நமக்கு உறைக்க வேண்டியது வேறு. அந்தப் பெண்கள் வேலை பார்த்த கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் ஏதோ முகம் தெரியாத முதலாளியுடையதல்ல. 2005இல் டாடா தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்ட பிறகு, பங்குகளில் பெரும்பகுதி ஊழியர் பெயரிலேயே எழுதப்பட்ட நிறுவனம். தொழிலாளியே முதலாளி என்று மேலாண்மைப் பள்ளிகளில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட இடம். காகிதத்தில் இதைவிட நல்ல சமூகப் பயன் எங்கே இருக்கிறது? ஆனால் அன்றைக்கு அவர்கள் கையில் வந்த நாட்கூலி 230 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது, பெண்கள் தெருவில் இருந்தார்கள். அளந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்களே தவிர அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கவில்லை.

சான்றிதழ் வாங்கியிருக்கிறோமே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்து ஜெனிவீவ் லெபாரன் குழு, இந்தியத் தேயிலைத் தோட்டங்களிலும் கானாவின் கொக்கோப் பண்ணைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வைப் புரட்டிப் பாருங்கள். தேயிலையில், முத்திரை பெற்ற தோட்டத்துக்கும் பெறாத தோட்டத்துக்கும் தொழிலாளி வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை என்றது அது. தணிக்கையாளர் வருகிற நாள் எது என்று எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அன்றைக்குத்தான் கால்வாய்க்குச் சுண்ணாம்பு போடுவார்கள்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான சான்றிதழ் பெற்ற, தடித்த அறிக்கைகள் வெளியிட்டுவந்த நிறுவனம் அது. கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்துள்ள 11 அறிகுறிகளும் இருந்ததாக அமெரிக்கர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் வேலைக்கு வர ஏஜெண்டுகளிடம் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் பேச்சு வந்தது. ஏறத்தாழ எட்டுக் கோடி வெள்ளி, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழைய, புதிய தொழிலாளர்களுக்கு. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நிறுவனம் தவறைச் சரிசெய்யப் பணம் எடுத்து வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தேகம்தான். அந்த ஏஜெண்டு கடன் அத்தனை ஆண்டும் எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் இருந்தது? கட்டமே இல்லை. தொழிலாளியிடம் "வர எவ்வளவு கட்டினாய்?" என்று யாரும் கேட்கவில்லை, அதனால் எண்ணும் இல்லை.

ஆகவே நீங்கள் எண்ணாத ஒன்றை எண்ணச் சொல்லித்தான் இந்த மடல். என் அம்மா வழியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்: வேலையை விட்ட மறுநாள் இரவு அந்த ஆள் எங்கே படுத்தார்?

நீங்கள் ஒட்டுகிற அந்த 17 சதுரங்களில் முதலாவதைத் திறந்தால் உள்ளே 1.4.2 என்று ஒரு குறியீடு இருக்கிறது. சட்டம் ஏற்கும் ஆவணத்தோடு நிலத்தின் மீது உறுதியான உரிமை உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதே அதன் கேள்வி. நான் வேலை பார்த்த ஆண்டுகளில் எத்தனையோ அறிக்கைகளுக்கு எண் கொடுத்தேன். இந்தக் குறியீட்டுக்கு எண் கேட்டு ஒருவரும் மின்னஞ்சல் அனுப்பியதில்லை. தோட்டத்து ஆளுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். 2013 ஜூலையிலிருந்து ஓய்வு வயது அறுபது என்று சட்டம் வந்தபோது எங்கள் லயத்தில் பலர் மகிழ்ந்ததற்குக் காரணம் ஐந்து வருடக் கூடுதல் சம்பளம் அல்ல, ஐந்து வருடக் கூடுதல் கூரை.

இது கேமரன் மலைக்கு மட்டும் உரிய நோய் இல்லை. சிலாங்கூரில் புக்கிட் தாகார் வட்டாரத்து ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள், நிலம் கைமாறிய பிறகு, வாக்களித்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தன. கேட்கும்போது நாற்பது வயதாக இருந்தவர்கள் அறுபதைத் தாண்டினார்கள். சிலர் வீட்டைப் பார்க்காமலேயே காலமானார்கள். இலங்கை மலையகத்தில் 2023இல், தங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் கேட்டவற்றில் காணி உரிமையும் ஒன்று. அங்கே லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் மெதுவாகவேனும் நகர்கிறது; இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 10,000 என்று. அந்த வீடுகளிலும் குறை சொல்ல ஆயிரம் உண்டு. ஆனாலும் அங்கே ஒரு கிழவி தன் பேரனிடம் உறுதிப்பத்திரத்தைக் காட்ட முடிகிறது. அதை எண்ண முடிகிறது. அடுத்த ஆண்டு கூடியதா குறைந்ததா என்று பார்க்க முடிகிறது.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். நிலம் மாநில அரசாங்கத்தினுடையது, எங்களுடையது குத்தகைதான், கிராண்டு போட்டுக் கொடுக்க நாங்கள் யார் என்பீர்கள். நியாயமான பதில். நானும் உங்கள் குத்தகை நிலத்தில் பங்கு கேட்கவில்லை. ஓய்வு பெறப் பத்தாண்டு இருக்கும்போதே, தாப்பாவிலோ சிம்மோரிலோ கம்போங் ராஜாவிலோ ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் சேர்க்க உதவி செய்ய முடியுமா, வங்கிக்குக் கூட வந்து கையெழுத்துக்குச் சாட்சி நிற்க முடியுமா, மாநில அரசிடம் ஐந்து ஏக்கர் கேட்டு உங்கள் சங்கங்கள் ஒரே குரலில் ஒரு மனு எழுத முடியுமா என்பது தனிப் பேச்சு. அதற்கும் முந்தின படி ஒன்று இருக்கிறது, அதில் காசு செலவே இல்லை. கடந்த பத்தாண்டில் உங்களிடம் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் சொந்தக் கூரைக்குக் கீழ் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணி, வெட்கமாக இருந்தாலும் அச்சில் போடுங்கள்.

லயங்களில் இன்று தமிழர் குறைவு, வெளிநாட்டுத் தொழிலாளர்தானே அதிகம் என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். என் அம்மா விட்டு வந்த வீட்டில் இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள், வங்காளதேசத்துக்காரர்களும் ஒரு நேப்பாளியும். ஆனால் கேள்வி மாறவில்லை. இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது அவன் கையில் என்ன இருக்கும்? வர வாங்கிய கடன் எந்த வருடத்தில் அடைந்தது? பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது? 2024 ஜனவரி 26 அதிகாலை கம்போங் ராஜா, புளூ வேலி பக்கம் மண் சரிந்து மியன்மார் நாட்டவர் ஐந்து பேர் தூக்கத்திலேயே புதைந்தார்கள். இந்த மலையில் யார் எந்தச் சரிவுக்குக் கீழே படுக்கிறார்கள் என்பதை ஒரு வரைபடத்தில் குறித்தாலே போதும், எந்தச் சதுரமும் ஒட்டாமல் அது நல்ல அறிக்கையாகிவிடும்.

அடுத்து சட்டத்தைக் காட்டுவீர்கள், அல்லது சட்டம் இல்லாததை. புர்சா மலேசியாவில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்களுக்கும், 2027 முதல் ஆண்டுக்கு இருநூறு கோடி வெள்ளிக்கு மேல் வரவு உள்ள பட்டியலிடாத நிறுவனங்களுக்கும் அனைத்துலகத் தரத்தில் நிலைத்தன்மைக் கணக்குக் காட்டும் கடமை வருகிறது. மலை மேல் இருக்கும் உங்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள் வரமாட்டீர்கள். யாரும் கேட்காமலே எழுதுகிறீர்கள் என்பதை நான் குறைவாக மதிக்கவில்லை. வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், வங்கி கேட்கிறது, பேரங்காடிக்காரன் கேட்கிறான், அதுவும் தெரியும். அப்படிக் கேட்பவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல்களை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். ஜி.ஆர்.ஐ. அமைப்பு 2022இல் வேளாண்மை, மீன்வளத் துறைகளுக்கென்றே 13ஆம் எண் தரநிலை வெளியிட்டது. வாழ்வதற்குப் போதுமான கூலி, நில உரிமை, கட்டாய உழைப்பு எல்லாம் அதில் தலைப்புகளாகவே இருக்கின்றன. புத்தகப் பை இல்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அறிக்கையை நீங்கள் எங்கெல்லாமோ வெளியிடுகிறீர்கள். கோலாலம்பூர் ஹோட்டல் மண்டபத்தில், வழவழக் காகிதத்தில், அமைச்சர் கையால். எங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை எங்களில் ஒருவரும் வாசித்ததில்லை. என் அம்மாவே தன் படத்தை நான் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கூடையை நேரா மாட்டச் சொன்னேன், அந்தப் பையன் கேக்கல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பெரட்டில் வாசியுங்கள். இருட்டு விலகும் நேரத்தில் ஆள் கணக்கெடுத்து மலை பிரித்துக் கொடுப்பீர்களே, அந்தப் பெரட்டுக்களத்தில். தமிழில் வாசியுங்கள், மலாயில், வங்காளத்தில், நேப்பாளியில். மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டாம். சாக்குக் கட்டும் பையன்களில் நாலு மொழி பேசுகிறவன் கட்டாயம் ஒருவன் இருப்பான், அன்றைக்கு அவனுக்கு அரை நாள் கூலி போட்டுவிடுங்கள். முன்னுரையும் தலைவர் வாழ்த்தும் வேண்டியதில்லை, கொழுந்து முற்றிவிடும். எண் இருக்கிற பக்கங்களை மட்டும் வாசியுங்கள். 400 பேர் பயன்பெற்றார்கள் என்று வாசிக்கும்போது நிறுத்தி, இங்கே நிற்பவர்களில் அந்த 400இல் யார் யார் என்று கேளுங்கள். கை தூக்கியவர்களை எண்ணுங்கள். சிரிப்பு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணத் தெரிந்த கிராணி பக்கத்திலேயே இருப்பார். முப்பது ஆண்டாக எங்களை எண்ணியவர், அன்றைக்கு உங்களுக்காக எண்ணட்டும்.

பெரட்டில் மேலாளர் எதிரே வாய் திறக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும், நானும் அந்தக் களத்தில் நின்றவன். வாசித்து முடித்ததும் மேலாளரும் மண்டோரும் தேநீர் குடிக்கப் போய்விடட்டும். தொழிற்சங்கத்து ஆள் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் அங்கே இருந்து, சொல்கிறவர்கள் பெயர் இல்லாமல் எழுதி எடுக்கட்டும். எழுதியதை மாற்றாமல், மெருகேற்றாமல் அறிக்கையில் ஒரு பக்கம் கொடுங்கள். அம்மாவின் படம் வந்த அந்தப் பக்கமே போதும்.

ஓய்வு பெற்றவர்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். தாப்பாவில், சிம்மோரில், சுங்கை சிப்புட்டில், பிள்ளைகள் வீட்டு முன்னறைகளில் இருக்கிறார்கள். உங்கள் பேரேட்டில் சாவி வாங்கிய தேதியும் கையெழுத்தும் இருக்கும், முகவரி இருக்காது. நான் தேடித் தருகிறேன். முதல் நாள் மாலையே மலை ஏறினால்தான் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்க முடியும். காலியாக ஏதாவது ஒரு வீடு இருந்தால் ஓர் இரவுக்குத் திறந்து விடுங்கள், பாயும் கம்பளியும் அவர்களே கொண்டு வருவார்கள். என் அம்மாவின் பேருந்துக் காசை நான் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கோலா தெர்லாக்காரன் ஒருவன்